டேஷ்போர்ட் இருண்டால் முதலில் காரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சாமான் வாங்கிவிட்டு இரவு ஒன்பதரை மணிபோல் காரை எடுத்தோம். சிராங்கூன் சாலை நெடுக அலங்கார விளக்கு. அந்த வெளிச்சத்தில் மீட்டர் எரிகிறதா இல்லையா என்பதையே நான் கவனிக்கவில்லை. ஜாலான் புசார் பக்கம் சிக்னலில் நின்றபோது ஒரு மலாய் இளைஞர் மோட்டார்சைக்கிளை என் பக்கம் ஒட்டி நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார். “பிரதர், பேக் லைட் தாக் அடா. போத் சைட்” என்றார். பின்விளக்கு இரண்டு பக்கமும் இல்லையாம்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வேகமுள் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. ரேடியோ பொத்தான்கள், ஏர்கான் திருகிகள் எதிலும் வெளிச்சம் இல்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அம்மாவும் ஏழு வயது மகளும். இன்னும் ஐந்து நிமிடத்தில் தீவு விரைவுச்சாலையில் ஏறியிருப்போம். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு எங்கள் கார் இருப்பதே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அலைந்தேன். மூன்று ஃபியூஸ் போயிற்று. ஒரு வொர்க்‌ஷாப்பில் மீட்டரையே மாற்ற வேண்டும் என்று 450 வெள்ளி (டாலர்) கேட்டார்கள். கடைசியில் கோளாறு ரேடியோவுக்குப் பின்னால், ஒரு வயரின் நுனியில் இருந்தது. என் கார் 2008-இல் பதிவானது. 2018-இல் சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். இந்த வயதில் கார் வைத்திருப்பவர்கள், செகண்ட்ஹேண்டில் முதல் கார் வாங்கியவர்கள் என் அலைச்சலைப் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. கீழே உள்ளவை நான் கையால் செய்து பார்த்தவை, விஷயம் தெரிந்தவர்களிடம் நின்று கேட்டுக்கொண்டவை.

1. இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

மற்ற எதையும் தொடுமுன் இதைச் செய்யுங்கள். விளக்குச் சுவிட்சை முதல் சொடுக்குக்குத் திருப்பினால் முன்னால் சின்ன விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, உள்ளே மீட்டர், ரேடியோ, ஏர்கான் பொத்தான்களின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து எரியும். பல பழைய கார்களில் இவை அத்தனையும் ஒரே ஃபியூஸில் தொங்குகின்றன. அதனால் டேஷ்போர்ட் இருண்டுபோனால் பின்விளக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். டேஷ்போர்ட் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பின்விளக்கு அணைந்ததை யாராவது சொன்னால்தான் தெரியும்.

இங்கே இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை விளக்குப் போட்டு ஓட்டுவது சட்டம். ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் தனி ஃபியூஸ் என்பதால் அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சாலைவிளக்கு நிறைந்த ஊரில் இந்த ஏமாற்றம் இன்னும் சுலபம்.

தனியாக இருந்தால் பலமாடிக் கார்ப்பார்க்கில் காரைச் சுவரை நோக்கிப் பின்வாங்கி நிறுத்துங்கள். விளக்கைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு விழ வேண்டும். பிரேக்கை மிதித்தபடி பார்க்காதீர்கள். பிரேக் விளக்குக்குத் தனி வயர், தனி ஃபியூஸ். பின்விளக்கு செத்திருந்தாலும் அது எரியும். முதல் நாள் இரவு நான் ஏமாந்தது இதில்தான். “பார், எரிகிறதே” என்று மனைவியிடம் சொன்னேன். என் கால் பிரேக்கில் இருந்தது.

பின்விளக்கு எரியவில்லை என்று தெரிந்தால் அந்த இரவு விரைவுச்சாலை வேண்டாம். பக்கத்துக் கார்ப்பார்க்கில் விட்டுவிட்டு டாக்சி பிடியுங்கள். நாங்கள் அப்படித்தான் வீட்டுக்குப் போனோம்.

2. எது எரிகிறது, எது எரியவில்லை என்று எழுதி வையுங்கள்

ஐந்து நிமிட வேலை, ஆனால் பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். இரவிலோ கார்ப்பார்க்கின் இருட்டு மூலையிலோ விளக்கைப் போட்டு, கைப்பேசியில் டேஷ்போர்ட்டைப் படம் எடுங்கள். பின்னால் போய் ஒரு படம்.

டேஷ்போர்ட், ரேடியோ, ஏர்கான், பின்விளக்கு, நம்பர் பிளேட் எல்லாம் போயிருந்தால் டெயில் (பின்விளக்கு) ஃபியூஸ், டெயில் ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி), விளக்குச் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று. பின்விளக்கு நன்றாக எரிந்து, உள்ளே மட்டும் முழு இருட்டு என்றால் டிம்மர் (உள்வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி), அல்லது பேனல் என்று எழுதிய சின்ன ஃபியூஸ். மீட்டரில் ஒரு மூலை மட்டும் கறுத்திருந்தால் பல்பு. ரேடியோவில் மட்டும் வெளிச்சம் இல்லை, பாட்டு வருகிறது என்றால் ரேடியோவுக்கு வரும் விளக்கு வயர், அல்லது ரேடியோவுக்குள் இருக்கும் பல்பு. டேஷ்போர்ட்டைத் தட்டினால் வருகிறது, போகிறது என்றால் பல்பு சாக்கெட் தளர்ந்திருக்கும். இல்லை மீட்டர் போர்டில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். வெயிலில் காய்ந்து காய்ந்து ஏர்கானில் குளிர்கிற கார்களில் இது சகஜம். ஹெட்லைட் உட்பட எல்லாமே ஏறி இறங்கி மினுக்கினால் ஏழாவது பகுதிக்கு நேராகப் போங்கள்.

ஒரு பொய் எச்சரிக்கையும் உண்டு. பகலில் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் விளக்கைப் போட்டதும் ரேடியோ எழுத்தும் கடிகாரமும் மங்கிவிடும். அது கோளாறு இல்லை. இரவில் கண்ணைக் கூசக் கூடாது என்று விளக்குப் போட்டால் தானாகக் குறைகிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள்.

3. டிம்மரைத் திருகிப் பாருங்கள்

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். சில கார்களில் மீட்டர் கண்ணாடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிதான் டிம்மர். கார் கழுவும்போதோ, பிள்ளைகள் முன்சீட்டில் விளையாடும்போதோ அது அடிமட்டத்துக்குப் போய்விடும். எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பேட்டரியே போட்டுவிட்டார். பிறகுதான் பையன் சக்கரத்தைத் திருப்பியிருந்தது தெரிந்தது.

மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை முழுக்கத் திருப்புங்கள். திருப்பும்போது வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே உள்ள தொடுமுனையில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்தால் பல நேரம் சரியாகும்.

4. ஃபியூஸ்: மாற்றுங்கள், ஆனால் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்

ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில், டேஷ்போர்ட்டின் அடியில் ஒரு பெட்டி. பானெட்டுக்குக் கீழே இன்னொன்று. மூடியின் உள்பக்கம் எது எது என்று அச்சிட்டிருக்கும். மேனுவல் புத்தகம் இருந்தால் அதிலும் படம் இருக்கும்; செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். டெயில், பேனல், மீட்டர் அல்லது கேஜ், ரேடியோ, ஏசிசி என்ற பெயர்களைத் தேடுங்கள்.

நிறம் எல்லாக் கார்களிலும் ஒன்றுதான். ஏழரை ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். பெட்டி மூடியிலேயே சின்ன பிளாஸ்டிக் இடுக்கி செருகியிருக்கும், அதனால் பிடித்து இழுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே வளைந்த கம்பி தெரியும். அறுந்திருந்தால் போயிற்று. மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இருந்தால் பிடுங்கவே வேண்டாம். ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் காரின் வெற்று இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் அளவு காட்டினால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் காட்டினால் அறுந்துவிட்டது. இரண்டிலுமே இல்லை என்றால் மின்சாரம் அங்கே வந்தே சேரவில்லை. சுவிட்ச், ரிலே பக்கம் பார்க்க வேண்டும். சிம் லிம் டவரில் மல்டிமீட்டருக்கு நான் 18 வெள்ளி கொடுத்தேன், கலவையான ஃபியூஸ் பாக்கெட் 5 வெள்ளி.

அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். 10 நிற்கவில்லை என்று 20 போட்டால், ஃபியூஸ் உருக வேண்டிய நேரத்தில் டேஷ்போர்ட்டுக்குள் வயர் உருகும். வெள்ளித்தாள் சுற்றிச் செருகுவதும் அதே ஆபத்துதான். தயவுசெய்து வேண்டாம்.

புது ஃபியூஸ் போட்டு விளக்கைப் போட்டதும் உடனே போனால் எங்கோ வயர் இரும்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சில நாள் நின்று பிறகு போனால் ஏதோ ஒரு வயர் ஆடுகிறது. எனக்கு நடந்தது இரண்டாவது. முதல் ஃபியூஸ் நான்கு நாள், அடுத்தது ஆறு நாள், மூன்றாவது ஒரே இரவு. எப்போது போகிறது என்று நான் குறித்து வைக்கவில்லை. வைத்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். மூன்று முறையும் எங்கள் கார்ப்பார்க் நுழைவாயிலில் இருக்கும் ஹம்பில் (வேகத்தடையில்) ஏறி இறங்கிய பிறகுதான் போயிருக்கிறது என்பது பின்னால் யோசித்தபோது தெரிந்தது. இரண்டாவது ஃபியூஸ் போகும்போதே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

தேட வேண்டிய இடங்களில் பூட் (பின்பக்கச் சாமான் அறை) மூடியின் கீல் முக்கியமானது. நம்பர் பிளேட் விளக்கு பூட் மூடியில் இருந்தால் அதற்கான வயர் கீல் ஓரமாக ரப்பர் குழாய்க்குள் போகும். பூட் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, பதினைந்து ஆண்டில் வயரின் தோல் அங்கே வெடிக்கும். விளக்கு எரியும்போது யாரையாவது பூட் மூடியை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். நம்பர் பிளேட் விளக்குக்குள் மழைநீர் புகுந்து பச்சைப் பாசி மாதிரி துரு படிந்திருந்தாலும் ஃபியூஸ் போகும். இந்த இரண்டும் சரி என்றால், அண்மையில் ரேடியோ மாற்றினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ரேடியோவுக்குப் பின்னால்

நான் மாற்றியிருந்தேன். ஒரு மாதத்துக்கு முன்பு, புளூடூத் வேண்டும் என்று. அது டேஷ்போர்ட் இருட்டுக்குக் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் ரேடியோ ஒழுங்காகப் பாடியது.

காக்கி புக்கிட்டில் கார் மின்வேலை மட்டும் செய்கிற ஒரு சீன அங்கிளிடம் கடைசியாகப் போனேன். அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. “ரேடியோ எப்போ மாத்தினே?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிளாஸ்டிக் நெம்புகோலால் சுற்றுப்பட்டையைக் கழற்றி, நான்கு ஸ்குருவை எடுத்து, ரேடியோவை மடிமேல் இழுத்துவைத்தார். கார் பக்கத்திலிருந்து வரும் விளக்கு வயரை ரேடியோ போட்டவர் தேவையில்லை என்று வெட்டி, டேப்கூடச் சுற்றாமல் அப்படியே விட்டிருந்தார். செப்பு நுனி கறுத்திருந்தது. அங்கிள் டார்ச்சை ரேடியோவின் இரும்புத் தாங்கியில் அடித்து, விரலால் காட்டினார். மிளகு அளவுக்குக் கரிப்புள்ளி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று. ஹம்பில் ஏறி இறங்கும்போது அந்த நுனி ஆடி, சில முறை தாங்கியில் பட்டிருக்கிறது. பட்ட ஒவ்வொரு முறையும் டெயில் ஃபியூஸ் போயிருக்கிறது, அதோடு பின்விளக்கும்.

வயரைப் புது ரேடியோவின் விளக்கு வயரோடு சேர்த்து ஈயம் வைத்தார். மேலே சுருங்குகுழாயை ஏற்றி லைட்டரை அடியில் காட்டினார். அது வயரைக் கவ்விக்கொண்டு சுருங்கியது. இருபது நிமிடம். 60 வெள்ளி வாங்கினார்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். வெளியிலிருந்து வாங்கிப் போடும் ரேடியோக்களில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த் (காரின் இரும்போடு சேர்வது), ஆரஞ்சு விளக்குக்கு. ஐஎஸ்ஓ வகைப் பிளக்காக இருந்தால் நான்காவது முள் நிரந்தர மின்சாரம், ஆறாவது விளக்கு, ஏழாவது சாவி, எட்டாவது எர்த். காரின் சொந்த வயர் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நிறத்தை நம்பி அதைத் தொடாதீர்கள், மல்டிமீட்டரால் பாருங்கள். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பானெட்டுக்குள் தெரியும் தடித்த ஆரஞ்சு கேபிள் உயர் மின்னழுத்தம். ரேடியோவின் மெல்லிய ஆரஞ்சு வயரோடு அதைக் குழப்பிக்கொண்டு கை வைக்காதீர்கள்.

கடிகாரமும் நிலைய எண்களும் தினமும் அழிந்தால் மஞ்சள் வயர் பக்கம் மின்சாரம் வரவில்லை, அல்லது மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ரேடியோ முழுக்கச் செத்திருந்தால் அதன் முதுகிலேயே இருக்கும் ஃபியூஸையும் பாருங்கள். பலர் காரின் ஃபியூஸ் பெட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பல ஜப்பானியக் கார்களில் டிம்மர் எர்த் பக்கத்தில் வேலை செய்கிறது. அதாவது மீட்டர் விளக்கின் எர்த் நேராக இரும்புக்குப் போகாமல் டிம்மர் வழியாகப் போகும். ரேடியோ மாற்றுகிறவர் அந்த வயரைச் சாதா எர்த் என்று நினைத்து இரும்பில் இணைத்துவிட்டால் டேஷ்போர்ட் முழு வெளிச்சத்திலேயே நிற்கும், சக்கரத்தைத் திருப்பினாலும் குறையாது. ரேடியோ மாற்றிய அன்றே டிம்மரைத் திருகிப் பார்த்துவிடுங்கள்.

ரேடியோவுக்குள்ளேயே விளக்கு போயிருந்தால் அது வேறு வேலை. காரோடு வந்த கம்பெனி ரேடியோவில் பின்வெளிச்சத்துக்கு அரிசி அளவு பல்பு போர்டில் ஈயம் வைத்துப் பற்றியிருக்கும். கை நடுங்காமல் ஈயம் வைக்கத் தெரிந்தவர் மாற்றலாம். தெரியாவிட்டால் புது ரேடியோ வாங்குவதே மலிவு.

பேட்டரியைக் கழற்றுமுன் இன்னொன்று. சில கார்களின் கம்பெனி ரேடியோ, மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். பழைய ஹோண்டா கார்களில் இதைப் பார்க்கலாம். எண் எழுதிய அட்டை மேனுவல் உறைக்குள் இருக்கும், அல்லது கிளவ் பாக்ஸ் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அது கையில் கிடைத்த பிறகு பேட்டரியைத் தொடுங்கள்.

6. மீட்டர் பல்பு மாற்றுவது

ஃபியூஸ் பிரச்சினை தீர்ந்த பிறகும் என் மீட்டரில் பெட்ரோல் முள் இருக்கும் பக்கம் இருட்டாகவே இருந்தது. அது சாதாரண பல்பு. இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் இருந்ததால்தான் முதல் வொர்க்‌ஷாப்பில் மீட்டரே போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள் என்று நினைக்கிறேன். மீட்டரையே மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். செகண்ட்ஹேண்ட் மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் வேறாக இருக்கும். நாளைக்குக் காரை விற்கப் போனால் அந்த எண்ணுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

மீட்டரின் முதுகில் பல்புகள் கால் சுற்றுத் திருகினால் கழன்று வரும். டி5, டி10 என்பவை அதிகம் புழங்கும் அளவுகள். ஏர்கான் பேனலில் இன்னும் சின்னதாக இருக்கும். ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். சில பல்புகளின் தலையில் நீலமோ பச்சையோ ரப்பர் தொப்பி இருக்கும். அதை எறிந்துவிடாதீர்கள், உங்கள் டேஷ்போர்ட்டின் நிறமே அதுதான். கழற்றியதும் கழற்றியதாக, போனது ஒன்றே என்றாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரே வயது பல்புகள். ஒன்று போனால் மற்றவை பின்னாலேயே வரும். பல்பு காசு, கூலி வெள்ளி.

எல்இடி போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், சில கவனங்களோடு. எல்இடிக்குத் திசை உண்டு. எரியவில்லை என்றால் திருப்பிச் செருகுங்கள். டிம்மரில் சில எல்இடி குறையாது, அல்லது மினுக்கும். பேட்டரி படம் போட்ட எச்சரிக்கை விளக்கை மட்டும் பழைய வகை பல்பாகவே வையுங்கள். பல பழைய கார்களில் அந்தப் பல்பு வழியாகப் போகிற சின்ன மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவியை) எழுப்பிவிடுகிறது. அது செத்திருந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாமல்கூடப் போகலாம். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நாளைக் காலையே பாருங்கள்.

இந்த வேலையை வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார்ப்பார்க்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். பார்ப்பது, ஃபியூஸ் மாற்றுவது வேறு. டேஷ்போர்ட்டைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்க்கிற இடம் அது இல்லை. தவிர, ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகே அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். எனக்கு எட்டு பல்பும் கூலியும் சேர்த்து 90 வெள்ளி ஆனது.

7. எல்லாமே மங்கி மங்கி வந்தால்

இது விளக்குக் கோளாறே இல்லை. காலையில் எஞ்சின் போடுமுன் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை. ஓடும்போதும் 12-இலேயே நின்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்; பல்பு அடிக்கடி போவதற்கும் அது காரணம். வோல்ட் சரியாக இருந்தும் மினுக்கினால் எர்த் வயர். நம் ஊர் ஈரக் காற்றில் எர்த் போல்ட்டுகள் துருப்பிடிப்பது சாதாரணம். கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கினால் போதும்.

8. காகிதம், காசு, நாள்

பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதில் தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. விகாம், எஸ்டிஏ, ஜேஐசி என்று எந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாலும் வெளிவிளக்குகளைப் பார்ப்பார்கள். ஒரு நம்பர் பிளேட் பல்புக்காகத் திரும்பப் போய் வரிசையில் நிற்பது வீண். பரிசோதனைத் தேதியை ஒன்மோட்டரிங் என்ற அரசாங்க வாகனத் தளத்தில் பார்த்து, ஒரு மாதம் முன்பே விளக்குகளைச் சரிசெய்துவிடுங்கள். சீனப் புத்தாண்டையொட்டிப் பல வொர்க்‌ஷாப்புகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். அதற்கு முந்தைய வாரம் கூட்டம் நெரியும். வார நாள் காலையில் போங்கள். சனிக்கிழமை போனால் வயரைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வழியாக ஒன்மோட்டரிங்கில் கிடைக்கும் வாகன விவரம், ஏனென்றால் பல்போ சுவிட்சோ ஆர்டர் செய்ய மாடலும் சேசிஸ் எண்ணும் கேட்பார்கள், நீங்கள் எடுத்த படங்கள், ரேடியோவோ கேமராவோ கடைசியாகப் போட்ட ரசீது. அந்த ரசீதை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். இருந்திருந்தால் ரேடியோ போட்ட கடையிலேயே கேட்டிருக்கலாம்.

கோளாறு கண்டுபிடிக்கும் கூலியைத் தனியாகக் கேளுங்கள். “கண்டுபிடிக்க எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு, பொருள் சேவை வரி சேர்த்தா சேர்க்காமலா?” என்று மூன்றையும் வேலை தொடங்குமுன் கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 9 சதவீத வரி கடைசியில் முளைத்தால் மனம் கசக்கும். பொதுவான வொர்க்‌ஷாப்பைவிடக் கார் மின்வேலை மட்டும் செய்கிறவரே இதற்குச் சரி. சின் மிங், உபி, காக்கி புக்கிட் மூன்றிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் மலிவாக முடியும் என்று நண்பர்கள் சொல்வார்கள். மலிவுதான். ஆனால் விஇபி (மலேசியாவுக்குள் கார் நுழைய அனுமதி) வேண்டும், இங்கிருந்து கிளம்பும்போது முக்கால் தொட்டி பெட்ரோல் வேண்டும், கோளாறு திரும்பினால் மறுபடி எல்லை தாண்ட வேண்டும். பின்விளக்கு இல்லாமல் இரவில் ஜோகூர் பாலத்தில் வரிசையில் நிற்பதை நினைத்தால் எனக்கு வேண்டாம் என்றே தோன்றியது.

வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன் மூன்று சோதனை. விளக்கைப் போட்டு டிம்மரை மேலும் கீழும் திருகுங்கள். மீட்டர், ரேடியோ, ஏர்கான் மூன்றும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஹம்பில் நான்கு முறை ஏறி இறங்கி, பூட் மூடியையும் இரண்டு முறை திறந்து மூடுங்கள். பிறகு சுவரை நோக்கிப் பின்வாங்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்று பாருங்கள்.